உயரமான ஹாலோ பியர் (உள்ள காலியான பாலத்தூண்) ஸ்டேபிளா இருக்கான்னு செக் பண்றது எப்படி

சிங்கப்பூர்ல எம்ஆர்டி ரயில் வயடக்ட் (மேம்பாலம்) தூணெல்லாம் பெரும்பாலும் குட்டை, அதனால இங்கயே வேலை பழகினவங்களுக்கு பக்லிங் (பாரத்துல தூண் பக்கவாட்டுல வளைஞ்சு சரியறது) செக்னா கடைசில ஒரு ஷீட்ல முடிக்கிற வேலை. ஆனா இங்க ஆபீஸ்ல உக்காந்தே மலைப்பிரதேச பாலத்துக்கு டிசைன் பண்ற பிராஜெக்ட் வந்துச்சுன்னா கதையே வேற. 2004ல திறந்த பிரான்ஸோட மியோ பாலத்துல உயரமான தூண் 245 மீட்டர், நம்ம புக்கிட் தீமா உச்சியே 164 மீட்டர் தான்.

கணக்குக்கு ஒரு 60 மீட்டர் தூண் எடுத்துக்குவோம், வெளியளவு 6க்கு 4 மீட்டர், சுவர் கனம் அரை மீட்டர். சாலிடா போட்டா 24 சதுர மீட்டர் கான்கிரீட், ஹாலோன்னா 9 தான், ஆனா பலவீனமான திசையில இனர்ஷியா (வளைவ எதிர்க்கிற வடிவ அளவு) 32ல இருந்து 20.75க்கு மட்டும் தான் குறையுது, அதுக்காகத்தான் உள்ள காலியா விடறோம்.

முதல்ல எந்த நிலையில செக் பண்றீங்கன்னு முடிவு பண்ணுங்க, இதுல தான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. பாலம் முடிஞ்சு டெக் (மேல்தளம்) சேந்துட்டா தூணோட தலைய டெக் பிடிச்சுக்கும். ஆனா டெக்க ரெண்டு பக்கமும் செக்மென்ட் செக்மென்டா (துண்டு துண்டா) நீட்டிக்கிட்டு போற நேரத்துல தூண் தனியா கேன்டிலீவரா (அடி மட்டும் பிடிச்சு, தலை பிடிப்பில்லாம) நிக்குது, எஃபெக்டிவ் நீளம் (பக்லிங் கணக்குக்கு எடுக்கிற நீளம்) ரெண்டு மடங்கு, 120 மீட்டர். முடிஞ்ச பாலத்தோட மாடல் மட்டும் ரன் பண்ணிட்டு ஓகேன்னு கையெழுத்து போடாதீங்க, ப்ளீஸ்.

அடுத்தது ஸ்டிஃப்னஸ் (விறைப்பு). விரிசல் விடாத முழு செக்‌ஷனோட போட்டா கிரிட்டிக்கல் லோடு (தூண் பக்கிள் ஆகற பாரம்) கிட்டத்தட்ட 4,98,000 கிலோநியூட்டன் வரும் (கான்கிரீட்டோட மீள்தன்மை எண் ஈ 35 ஜிகாபாஸ்கல்), பாக்க சந்தோஷமா இருக்கும். யூரோகோட் 2ல (ஐரோப்பிய கான்கிரீட் டிசைன் கோடு) இருக்கிற சுருக்கமான வழில, கிரீப் (நீண்ட நாள் பாரத்துல கான்கிரீட் மெல்ல அமுங்கறது) விகிதம் 1ன்னு வச்சு விரிசலையும் சேத்தா, கான்கிரீட் ஸ்டிஃப்னஸ் ஐஞ்சுல ஒரு பங்கு தான், ஈயையும் 1.2 ஆல வகுக்கணும், லோடு 83,000க்கு இறங்கிடும். மேல டெக் பாரம் 20,000 கிலோநியூட்டன், அதோட தூணோட சொந்த எடை 13,500ல சுமார் 0.3 பங்க உச்சில சேத்துக்கோங்க, மொத்தம் 24,000. இப்ப மொமென்ட் (தூண வளைக்கிற விளைவு) எவ்வளவு பெருகுதுன்னு பாருங்க, முழு செக்‌ஷன்ல 5 சதவீதம், விரிசலோட 41 சதவீதம். ஒரே தூண், ஒரே பாரம்.

கட்டும்போதே தூண் கொஞ்சம் சாஞ்சு தான் வரும்னு வச்சுக்கணும். இந்த உயரத்துக்கு யூரோகோட் கணக்குல உச்சில 77 மில்லிமீட்டர் வருது, அத காத்து மொமென்ட்டோட, ஒரு பக்கம் செக்மென்ட் முன்னாடி போயிட்ட சமநிலை இல்லாத பாரத்தோட சேத்து பெருக்குங்க.

தூண் மொத்தமா வளையறது ஒண்ணு, சுவர் தனியா புடைக்கிறது இன்னொண்ணு. சுவரோட தெளிவான அகலத்த (உள்பக்க அகலம்) கனத்தால வகுங்க, ஆஷ்டோ கோடுல (அமெரிக்க பால டிசைன் கோடு) 15 வரைக்கும் கவலையில்ல. நம்ம தூண்ல 5 மீட்டர் வகுத்தல் அரை மீட்டர், 10. செலவு மிச்சம்னு யாராவது சுவர 300 மில்லிமீட்டர் ஆக்கினா உள் அகலம் 5.4 மீட்டராகி விகிதம் 18 ஆயிடும், அப்புறம் ஸ்ட்ரெங்த்தயே குறைச்சு எடுக்கணும். உள்பக்க கம்பி வலையையும் வெளிப்பக்க வலையையும் சேத்து பிடிக்கிற குறுக்கு டை கம்பிய டிராயிங்ல தெளிவா காட்டுங்க, சைட்ல ஷட்டர் (கான்கிரீட் ஊத்தற அச்சு) மூடற அவசரத்துல முதல்ல விட்டுப்போறது அதுதான். பேரிங்குக்கு (டெக் உக்காரற தாங்கி) கீழயும் அடியிலயும் சாலிடா விடுங்க, உள்ள தண்ணி தேங்காம ஓட்டை வைங்க.

சர்வே ரீடிங் வெயில் ஏறதுக்கு முன்னாடி எடுக்கச் சொல்லுங்க. ஒரு முகத்துல வெயில் அடிச்சு எதிர் முகத்தோட 10 டிகிரி வித்தியாசம் வந்தாலே இந்த தூண் உச்சி 45 மில்லிமீட்டர் நகரும், மத்தியானம் எடுத்த ரீடிங்க வச்சு ஷட்டர திருத்தினா நேரா இருந்த தூண நீங்களே சாச்சுடுவீங்க.