கண்ணாடி ஜன்னலில் பறவை மோதாமல் இருக்க

ஜன்னல் சட்டம், சுவர், கைப்பிடி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, அங்கே கண்ணாடி இருப்பதை நாம் புரிந்துகொள்கிறோம். பறவைக்கு அது தெரியாது. கண்ணாடியில் தெரியும் வேப்பமரத்தை நிஜ மரமாகவே எண்ணிப் பாய்கிறது. புறாவுக்குச் சுற்றிலும் 300 பாகைக்கு மேல் தெரியும். ஆனால் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால், இரு கண்ணும் சேர்ந்து பார்க்கும் முன்பகுதி மிகக் குறுகல்.

முதலில் வெளியே நின்று காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு ஜன்னலையும் பாருங்கள். வானமோ செடியோ தெரிகிற கண்ணாடிதான் ஆபத்து. எதைச் செய்தாலும் அதன் வெளிப்பக்கத்தில் செய்யுங்கள். உள்ளே ஒட்டினால் வெளிப்பரப்பின் பிரதிபலிப்பு அதை மறைத்துவிடும்.

வெள்ளை பெயிண்ட் மார்க்கரால் 6 மி.மீ.க்குக் குறையாத புள்ளிகளை, எல்லாத் திசையிலும் 5 செ.மீ. இடைவெளியில் கண்ணாடி முழுக்க வையுங்கள். இடைவெளி பெரிதானால் தேன்சிட்டு அதற்குள் புகப் பார்க்கும். ஒற்றைப் பருந்து ஸ்டிக்கர் வீண். அதை விலக்கிவிட்டுப் பக்கத்தில் மோதும். புள்ளி வைக்கப் பொறுமையில்லையா? மேல்சட்டத்திலிருந்து 3 மி.மீ. நைலான் கயிறுகளை 10 செ.மீ.க்கு ஒன்றாகத் தொங்கவிடுங்கள். 120 செ.மீ. அகல ஜன்னலுக்கு 11 கயிறு போதும். கொசுவலையைக் கண்ணாடிக்கு வெளியே பொருத்தினாலும் பிரதிபலிப்பு பெரிதும் அடங்கிவிடும்.

நம் கண்ணில் நிறமறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை, பெரும்பாலான பறவைகளுக்கு நான்கு. சிட்டுகளுக்கும் கிளிகளுக்கும் புற ஊதா ஒளி நன்றாகத் தெரியும். அதை நம்பித்தான் நமக்குத் தெரியாத புற ஊதா ஸ்டிக்கர்கள் விற்கிறார்கள். ஆனால் காகம், பருந்து போன்றவற்றுக்கு அந்த ஒளி அவ்வளவாகத் தெரியாது. வெயிலில் ஸ்டிக்கரின் வீரியமும் குறையும். வெள்ளைப் புள்ளியே நம்பகமானது.

தீனித்தட்டையும் தண்ணீர்ச் சட்டியையும் ஜன்னலிலிருந்து 1 மீட்டருக்குள் வையுங்கள். அங்கிருந்து கிளம்பும் பறவைக்கு அடிபடும் அளவு வேகம் வராது. சில மீட்டர் தள்ளி வைப்பதுதான் மோசம்.

மீறியும் மோதி விழுந்தால், குறிப்பாக வலசைக் காலத்தில் ஆறுமணிக்குருவி விழுந்தால், காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, மூடி, சந்தடியில்லாத இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, கண்ணாடியில்லாத பக்கமாக மரத்தடியில் பெட்டியைத் திறங்கள். இறக்கை தொங்கினாலோ பறக்காவிட்டாலோ கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ அன்றே ஒப்படைத்துவிடுங்கள்.