பழைய டூமை அதன் பழைய உருவிலேயே விளையாட

ஹட்டன் நகரின் கணினி வகுப்பில் பாடம் முடிந்தபின் கிடைத்த கால்மணி நேரத்தில், அரக்கர்களைச் சுட்டு வீழ்த்தும் டூம் என்னும் கணினி விளையாட்டை விளையாடியவர்கள், அந்த அனுபவத்தை மீண்டும் பெறப் புதிய கணினி வாங்க வேண்டியதில்லை. 2016இல் வெளிவந்த புதிய டூமுக்கு ஏறத்தாழ 55 ஜிகாபைட் இடம் வேண்டும்; கைப்பேசி டேட்டாவை மட்டும் நம்பியிருக்கும் தோட்டத்து வீடுகளுக்கு அது பெருஞ்சுமை. 1993ஆம் ஆண்டின் மூல விளையாட்டிலோ, இலவசமாகப் பகிர்வதற்கென்றே வெளியிடப்பட்ட முதல் அத்தியாயத்தின் 9 கட்டங்களும் ஏறத்தாழ 4 மெகாபைட் கோப்பொன்றில் அடங்கிவிடுகின்றன. அவ்விளையாட்டின் நிரல்மூலம் (அது எழுதப்பட்ட மூலக் கட்டளைத் தொகுப்பு) 1997இல் வெளியிடப்பட்டதால் உருவான ‘சொக்லட் டூம்’ என்னும் இலவச மென்பொருளில் அக்கோப்பைத் திறந்தால், பழைய மடிக்கணினியிலும் அன்றைய அசைவும் ஒலியும் அப்படியே கிடைக்கும்.

திரை விகிதத்தில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. 320க்கு 200 புள்ளிகள் கொண்ட அப்படம் 4:3 திரைக்காக வரையப்பட்டது என்பதால், அகலத்திரை முழுவதற்கும் இழுத்தால் அரக்கர்கள் குள்ளமாகத் தடித்துவிடுவார்கள். அமைப்புப் பகுதியில் சரியான விகிதத்தைக் காக்கும் தெரிவு இயங்குகிறதா என்று பார்த்து, இரு ஓரங்களிலும் கறுப்புப் பட்டைகளை விட்டுவையுங்கள். மழைக்காலத்தில் மின்சாரம் திடீரென நின்றுவிடக்கூடும் என்பதால், ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் எஃப்2 விசையை அழுத்திச் சேமியுங்கள்.