சிக்னல் 95, படம் மட்டும் கட்டம் கட்டமாக

ஆன்டெனா வழியாக வரும் டிஜிட்டல் டிவியில் சில சேனல்கள் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்தன. ஒலியும் விட்டுவிட்டு வந்தது. பழைய அனலாக் என்றால் புள்ளி புள்ளியாகவாவது படம் தெரியும். டிஜிட்டலில் தரம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் மொத்தமும் போச்சு.

டிவி மெனுவில் சிக்னல் பலம், தரம் என்று இரண்டு அளவுகள் இருக்கும். பலம் 95 சதவீதம், தரமோ 30. நம்ப வேண்டியது தரத்தைத்தான். இப்படி இருந்தால் என் சந்தேகம் ஆன்டெனா சிக்னலைப் பெருக்கித் தரும் பூஸ்டர் மேல்தான் போகும். அதைக் கழற்றிவிட்டு கேபிளை நேராக டிவியில் செருகினேன். பலம் 60-க்கு இறங்கியது, தரம் 80-க்கு ஏறியது! அருகிலுள்ள மொபைல் கோபுரத்தின் 700, 800 மெகாஹெர்ட்ஸ் அலைகளையும் சேர்த்துப் பெருக்கப் போய் பூஸ்டர் திணறியிருக்கிறது. (பூஸ்டர் வாங்கச் சொல்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.) பூஸ்டர் இல்லாமல் முடியாதென்றால், அதற்கு முன்னால், மொபைல் அலைகளைத் தடுக்கும் எல்டிஇ ஃபில்டர் போடலாம்.

ஒரு சேனல் மட்டும் அப்போதும் அடம்பிடித்தது. டிவிக்குப் பக்கத்தில் இருந்த மீடியா பெட்டியை அணைத்தால் சரியானது. அதன் எச்டிஎம்ஐ கேபிள் ஆன்டெனா கேபிளோடு ஒட்டிக் கிடந்து இடைஞ்சல் செய்திருக்கிறது. விலக்கி வைத்தேன், சரி.

அப்புறம், தரம் குறைவாக இருக்கும்போது சேனல் தேடலை ஓடவிடாதீர்கள். இருக்கும் சேனலும் பட்டியலிலிருந்து காணாமல் போகலாம்.