"கேஸ்தானுங்கண்ணா"

போன மாதம் கோவை ரேஸ்கோர்ஸில், இரண்டாவது சுற்றில் ஒரு தம்பி நின்று நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நாற்பதைத் தொட்டிருப்பார், ஷூவில் புதுக்கருக்கு இன்னும் போகவில்லை. என்னவென்று கேட்டதற்கு, "கேஸ்தானுங்கண்ணா, ராத்திரி பரோட்டா" என்றார். எரிச்சல் வந்தது. அவர்மேல் இல்லை. எட்டு வருடம் முன்பு இதே பாதையில் இதையே சொன்னவன் நான். வார்ம் அப், தண்ணீர் பாட்டில் பற்றியெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அதை விடுகிறேன். புதிதாக ஓட வருபவர்கள் இதய விஷயத்தில் செய்யும் தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

ஓடும்போது வரும் இறுக்கத்தை கேஸ் என்பது

எனக்கு வலியே இல்லை, அதில்தான் ஏமாந்தேன். ஓடத் தொடங்கி ஆறேழு நிமிடத்தில், பெல்ட்டை ஒரு துளை கூட்டிப் போட்டதுபோல் நடுநெஞ்சில் இறுக்கம், கீழ்த்தாடையில் ஒரு கனம். நின்றால் இரண்டே நிமிடத்தில் போய்விடும். ஏப்பம் வேறு வரும். சரி, கேஸ்தான் என்று இஞ்சிச் சாறு, ஜெலுசில் என மூன்று மாதம் ஓட்டினேன். நடுவில் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பணமும் கட்டினேன். வீட்டில் நச்சரித்ததால் ஈசிஜி எடுத்தேன். நார்மல். அந்தத் தாளை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, கேட்பவர்களிடமெல்லாம் லைசென்ஸ் மாதிரி நீட்டினேன்.

படுக்கவைத்து எடுக்கும் ஈசிஜி, ஓய்வில் இருக்கும் இதயத்தைத்தான் காட்டும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் முக்கால்வாசி அடைத்திருந்தாலும் ஓய்வுக்கு வேண்டிய ரத்தம் போய்விடலாம். ஓடும்போது தேவை ஏறும். அப்போதுதான் பற்றாக்குறை தெரியும். உடம்பு உழைத்தால் வந்து, நின்றால் போவது கேஸின் குணம் இல்லை. நாம் ஓடுகிறோமா, உட்கார்ந்திருக்கிறோமா என்று கேஸுக்குத் தெரியாது.

அப்புறம் டாக்டர் டிரெட்மில் டெஸ்ட் எழுதினார், அதாவது மெஷினில் நடக்கவிட்டு, ஓடவிட்டு ஈசிஜி பார்ப்பது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். ஏழாவது நிமிடத்தில், திரையைப் பார்த்த டெக்னீஷியன் பேச்சை நிறுத்தினார், மெஷினையும் நிறுத்தினார். ஆஞ்சியோவில் அடைப்பு தெரிந்தது, குழாயை விரித்து வைக்க ஒரு ஸ்டென்ட்.

நின்ற பிறகும் இறுக்கம் போகவில்லை, வியர்த்துக் கொட்டுகிறது என்றால் டெஸ்ட்டெல்லாம் இல்லை. 108.

அப்பா கதையை விட்டுவிடுவது

ஜிம் படிவத்தில் "குடும்பத்தில் இதயநோய்" என்ற இடத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை' போடுகிறார்கள். அப்பாவுக்கோ உடன்பிறந்தவனுக்கோ 55 வயதுக்கு முன், அம்மாவுக்கோ உடன்பிறந்தவளுக்கோ 65க்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் ஓட்டத்தைப் பிரபலமாக்கிய ஜிம் ஃபிக்ஸ் சிகரெட்டை விட்டார், எடையைக் குறைத்தார். 1984இல், 52 வயதில், ஓடப்போன இடத்தில் மாரடைப்பில் இறந்தார். அவருடைய அப்பாவுக்கு முதல் மாரடைப்பு 35இல் வந்தது, 43இல் இறந்துவிட்டார்.

ஓட ஆரம்பித்ததும் பிரஷர் மாத்திரையை நிறுத்துவது

டாக்டர் சொல்லாமல் கூடாது.

காய்ச்சலோடு ஓடுவது

வேண்டாம். வைரஸ் இதயத் தசையையும் தொட்டிருக்கலாம்.

பயந்துபோய் எல்லா டெஸ்ட்டும் எடுப்பது

இது எதிர்க்கோஷ்டி. சர்க்கரை, பிரஷர், நெஞ்சுத் தொந்தரவு எதுவும் இல்லாதவர் நடையில் தொடங்க எந்த பேக்கேஜும் தேவையில்லை.

அந்தத் தம்பியிடம் அன்று மூன்றாவது சுற்று வேண்டாம், இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள் என்றேன். "சரிங்கண்ணா, ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்துடறேன்" என்றார். பெஞ்சில் உட்காரவைத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.