வெள்ளியை விட்டுவைத்தல்: பிளீச் பைபாஸை ஒரே ஒரு ரோலில் செய்து பார்ப்பது எப்படி?

வண்ணம் வெளிறி, கறுப்பு கனத்து, வெளிச்சம் விழும் இடமெல்லாம் உலோகத் தகடு போல மினுங்கும் காட்சிகளைத் திரையில் பார்த்துவிட்டு, கேமராவில் என்ன ஃபில்டர் போட்டிருப்பார்கள் என்று யோசிப்பவர்கள் உண்டு. ஃபிலிம் காலத்துப் படமாக இருந்தால், பெரும்பாலும் ஃபில்டர் எதுவும் இருக்காது. லேபில் ஃபிலிமைக் கழுவும்போது ஒரு தொட்டியைத் தாண்டிப் போயிருப்பார்கள், அவ்வளவுதான். பிளீச் பைபாஸ் என்று ஒளிப்பதிவாளர்கள் சொல்லும் இந்த முறையை, சினிமா கேமராவோ பெரிய லேபோ இல்லாமல், சாதாரண 35 மி.மீ. புகைப்பட ரோல் ஒன்றை வைத்து வீட்டிலேயே செய்து பார்ப்பதற்கான வழியை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

வண்ண நெகட்டிவில் ஒளியை வாங்குவது சாயம் அல்ல, வெள்ளி ஹாலைடு படிகங்கள். டெவலப்பர் அந்தப் படிகங்களை உலோக வெள்ளியாக மாற்றுகிறது. அந்த மாற்றத்தின் பக்க விளைவாகத்தான் வெள்ளித் துகளைச் சுற்றி மஞ்சள், மெஜந்தா, சயான் சாயங்கள் உருவாகின்றன. ஆகவே டெவலப்பரிலிருந்து வெளியே வரும் ஃபிலிமில் இரண்டு படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்: ஒன்று வெள்ளியால் ஆன கறுப்பு வெள்ளைப் படம், மற்றொன்று சாயத்தால் ஆன வண்ணப் படம். வழக்கமான முறையில் பிளீச் அந்த வெள்ளியை மீண்டும் ஹாலைடாக மாற்றிவிடும், ஃபிக்ஸர் அதைக் கரைத்து வெளியேற்றும், சாயம் மட்டும் மிஞ்சும். பிளீச்சைத் தாண்டிவிட்டால் ஃபிக்ஸர் ஒளி படாத ஹாலைடை மட்டும் கரைக்கும். உலோக வெள்ளியை அது தொடாது. கறுப்பு வெள்ளைப் படம் வண்ணப் படத்தின் மேல் அப்படியே தங்கிவிடும்.

இது வண்ணத்தைக் குறைக்கும் வித்தை என்று எண்ணிக்கொண்டு தொடங்கினால் எக்ஸ்போஷரும் (ஃபிலிமில் விழும் ஒளியின் அளவு) தவறும், லைட்டிங்கும் தவறும். வண்ணப் படத்தின் மேல் முழு அழுத்தமுள்ள இன்னொரு படம் ஏறி உட்கார்கிறது என்று புரிந்துகொண்டால், கான்ட்ராஸ்ட் (வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு) ஏன் கூடுகிறது, கிரெய்ன் (படத்தில் தெரியும் துகள்தன்மை) ஏன் தடிக்கிறது, வண்ணம் ஏன் மங்குகிறது என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

ஜப்பானில் கோன் இச்சிகாவா 1960-இல் இயக்கிய 'ஒதோதோ' படத்துக்காக ஒளிப்பதிவாளர் கஸுவோ மியாகாவா கையாண்டதுதான் இதன் தொடக்கம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஜப்பானிய மொழியில் இதற்கு 'கின்னோகோஷி' என்று பெயர். வெள்ளியை மிச்சம் வைத்தல் என்பது பொருள். ஆங்கிலப் பெயர் எதைத் தவிர்க்கிறோம் என்று சொல்கிறது, ஜப்பானியப் பெயர் எதைக் காக்கிறோம் என்று சொல்கிறது. கற்றுக்கொள்பவருக்கு இரண்டாவதுதான் உதவும் என்பது என் கருத்து.

படி 1: பொருள்களைச் சேர்த்தல்

400 ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளி உணர்திறன்) கொண்ட, சி-41 எனும் வழக்கமான முறையில் கழுவும் வண்ண நெகட்டிவ் ரோல், டெவலப்பிங் டேங்க், தெர்மாமீட்டர், கையுறை, சி-41 கெமிக்கல் கிட் ஆகியவை போதும். கிட் வாங்கும்போது மட்டும் கவனம் தேவை. வீட்டு உபயோகத்துக்கு விற்கும் பல கிட்களில் பிளீச்சும் ஃபிக்ஸரும் ஒரே பாட்டிலில் 'பிளிக்ஸ்' என்று கலந்து வரும். கலந்ததில் ஒன்றை மட்டும் தாண்ட முடியாது. பெட்டியில் என்ன இருக்கிறது என்று படிக்காமல் வாங்கிய என் முதல் கிட் அப்படித்தான் வந்து சேர்ந்தது. இரண்டும் தனித்தனியாக உள்ள கிட்டையே வாங்குங்கள். பிளீச் பாட்டிலையும் பத்திரமாக வைத்திருங்கள், கடைசிப் படியில் அது தேவைப்படும்.

சினிமா ஃபிலிமையே போட்டுப் பார்க்கும் ஆசை வரலாம். அவற்றில் பலவற்றின் பின்புறம் ரெம்ஜெட் என்ற கரிப்பூச்சு இருக்கும். அது சி-41 கெமிக்கலில் கரைந்து இறங்கினால் கெமிக்கலும் பாழ், படமும் பாழ். முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

படி 2: படம் எடுத்தல்

வெள்ளி தங்கப்போவதால் நெகட்டிவின் அடர்த்தி கூடும். வழக்கமான எக்ஸ்போஷரில் எடுத்தால், வெளிச்சம் மிகுந்த பகுதிகள் ஒளியே ஊடுருவாத அளவுக்குக் கறுத்துவிடும். ஆகவே ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது ஒளியைப் பாதியாக்கி எடுக்க வேண்டும். 400 ஃபிலிமுக்கு ஒளியை அளக்கும் மீட்டரில் ஐஎஸ்ஓ 800 என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சரியாக வரும். அதே காட்சியை வழக்கமான அளவிலும், இரண்டு ஸ்டாப் குறைத்தும் கூட எடுத்து வையுங்கள். எந்த ஃபிரேம் எப்படி எடுத்தது என்பதைக் குறித்து வைக்காவிட்டால் பின்னால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

உச்சி வெயிலைத் தவிர்த்துவிடுங்கள். கான்ட்ராஸ்டைக் கூட்டும் முறைக்குக் கான்ட்ராஸ்ட் குறைந்த ஒளியே ஏற்றது. திண்ணை நிழலில் வெள்ளை வேட்டி, சிவப்புப் புடவை, பித்தளைக் குடம், வாழை இலை ஆகிய நான்கும் ஒரே சட்டகத்துக்குள் வரும்படி வைத்தால் பாடம் முழுவதும் அந்த ஒரு ஃபிரேமிலேயே கிடைத்துவிடும்: சிவப்பு செங்கல் நிறத்துக்கு இறங்கும், இலை சாம்பல் படிந்த பச்சையாகும், குடத்தின் விளிம்பு மட்டும் வெள்ளைக் கோடாகத் தெறிக்கும்.

படி 3: டெவலப்பர்

37.8 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் 15 விநாடி. இதில் எந்த மாற்றமும் இல்லை. வெப்பநிலை கால் டிகிரி தவறினாலும் நிறம் மாறத் தொடங்கும் என்பதால், ஒரு பக்கெட் வெந்நீரில் பாட்டில்களையும் டேங்கையும் முன்கூட்டியே நிறுத்தி வையுங்கள். சென்னையில் கோடைகாலத்து மாடித் தொட்டித் தண்ணீருக்குப் பெரிதாகச் சூடேற்ற வேண்டியிருக்காது என்பது நமக்கு ஒரு சின்ன வசதி.

டெவலப்பர் நேரத்தைக் கூட்டுவது 'புஷ்' என்ற வேறொரு முறை. இரண்டையும் ஒரே ரோலில் கலந்தால், எந்த விளைவு எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது.

படி 4: ஸ்டாப் பாத்

வழக்கமான வரிசையில் டெவலப்பரை அடுத்து அமிலத்தன்மையுள்ள பிளீச் வருவதால், டெவலப்பரின் வேலை அங்கேயே நின்றுவிடும். நாம் பிளீச்சைத் தாண்டுவதால் அந்த நிறுத்தமும் போய்விடுகிறது. இதை மறந்து நேரே ஃபிக்ஸரை ஊற்றினால் ஒட்டியிருக்கும் டெவலப்பர் சற்று நேரம் தொடர்ந்து இயங்கும், வானம் போன்ற சமமான பகுதிகளில் திட்டுத்திட்டாக நிறம் படியும். நீர்த்த அசிட்டிக் அமில ஸ்டாப் பாத்தை 30 விநாடி கொடுத்து, பிறகு தண்ணீரில் அலசுங்கள்.

படி 5: ஃபிக்ஸர், அலசல், ஸ்டெபிலைசர்

ஃபிக்ஸர் 6 நிமிடம் 30 விநாடி. அதன்பின் ஓடும் நீரில் நன்றாக அலசி, கடைசியாக, படம் நாளடைவில் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர். பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும், அதைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது.

காய்ந்த நெகட்டிவைப் பார்த்ததும் பாழாகிவிட்டது என்றே தோன்றும். வழக்கமான தெளிந்த ஆரஞ்சுக்குப் பதிலாகப் புகை படிந்தது போல இருண்டு கிடக்கும். பயப்பட வேண்டாம், அந்தப் புகைதான் நாம் விட்டுவைத்த வெள்ளி.

படி 6: ஸ்கேன் செய்தல்

ஸ்கேனரில் அகச்சிவப்பு ஒளியால் தூசியை நீக்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். சாயத்தை அகச்சிவப்பு ஊடுருவிச் செல்லும், உலோக வெள்ளியை ஊடுருவாது; ஸ்கேனர் உங்கள் படம் முழுவதையும் தூசி என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். இதே குணத்தைத்தான் சினிமா லேப்கள் சாதகமாக்கிக்கொண்டன: பிரிண்டில் (நெகட்டிவிலிருந்து திரையிடுவதற்காக எடுக்கும் பிரதியில்) எவ்வளவு வெள்ளி தங்கியிருக்கிறது என்பதை அகச்சிவப்பு அளவியால் அளந்தார்கள்.

நெகட்டிவிலா, பிரிண்டிலா?

நாம் செய்தது நெகட்டிவில். நெகட்டிவில் வெள்ளி அதிகம் தங்குவது காட்சியின் வெளிச்சமான இடங்களில், எனவே வெண்மைகள் வெடித்துத் தெரியும். பிரிண்டில் செய்தால் வெள்ளி நிழல்களில் தங்கும், கறுப்பு மை போல இறங்கும். 1984-இல் வெளிவந்த 'நைன்டீன் எய்ட்டி ஃபோர்' படத்தில் ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் பிரிண்டைத்தான் தேர்ந்தெடுத்தார். மூல நெகட்டிவ் சேதமின்றி இருக்கும் என்பதால் அது பாதுகாப்பான வழி; ஆனால் திரையரங்குக்குப் போகும் ஒவ்வொரு பிரதியையும் தனியாகக் கழுவ வேண்டும், லேபும் வழக்கமாக மீட்டெடுக்கும் வெள்ளியை இழக்கும். செலவு அங்கேதான் ஏறியது.

முழுவதுமாக விட்டுவைக்காமல் வேண்டிய அளவு மட்டும் விட்டுவைக்கும் வழியை ரோமிலிருந்த டெக்னிகலர் லேபில் எர்னஸ்டோ நொவெல்லி ரிமோ உருவாக்கினார். அவர் பெயரின் முதலெழுத்துகளே ஈஎன்ஆர் என்று அதற்குப் பெயராயின. ஒளிப்பதிவாளர் விட்டோரியோ ஸ்டொராரோ 1981-இல் வெளியான 'ரெட்ஸ்' படத்தில் அதைப் பயன்படுத்தினார். பிளீச்சுக்குப் பிறகு, ஃபிக்ஸருக்கு முன், ஒரு கறுப்பு வெள்ளை டெவலப்பர் தொட்டியைச் சேர்த்து, ஹாலைடாக மாறிய வெள்ளியில் ஒரு பகுதியை மட்டும் திரும்ப உலோகமாக்குவதுதான் அதன் சூட்சுமம். அந்த டெவலப்பரின் வலிமையைக் கூட்டிக் குறைத்தால் வெள்ளியின் அளவும் கூடிக் குறையும்.

படி 7: திரும்பி வருதல்

இந்த முறையில் தொடக்கநிலையினருக்குப் பெரிய ஆறுதல், இதை மாற்றிக்கொள்ள முடியும் என்பதுதான். ஸ்கேன் செய்து முடித்த நெகட்டிவில் ஒரு துண்டை வெட்டி, சற்று நேரம் தண்ணீரில் ஊறவைத்து, எடுத்து வைத்த பிளீச்சில் 6 நிமிடம் 30 விநாடி போடுங்கள். ஒளி பட்டாலும் இப்போது கெடுதி இல்லை என்பதால், விளக்கைப் போட்டுக்கொண்டே செய்யலாம். கறுத்த படம் மெல்ல வெளுத்துப் பால் கலந்தது போல ஆகும்; அலசி ஃபிக்ஸரில் போட்டதும் அந்தப் பாலும் கரைந்து, ஆரஞ்சு நிறத்தில் வழக்கமான நெகட்டிவ் துலங்கி வரும். மறுபடி அலசி, ஸ்டெபிலைசர் கொடுத்து, காயவைத்து ஸ்கேன் செய்து, முதல் ஸ்கேனுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒரே ஃபிரேம், அதே குடம், அதே புடவை; ஒன்றில் வெள்ளி இருக்கிறது, மற்றதில் இல்லை.