ஜேஇஇ தேர்வை மீண்டும் எழுதுவோர் தொடங்க வேண்டிய இடம்

மீண்டும் எழுதத் தீர்மானிக்கும் முன், எஞ்சியிருக்கும் வாய்ப்புகளைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் தேர்ச்சி பெற்ற ஆண்டிலிருந்து தொடர்ந்து 3 ஆண்டுகள், பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇயின் முதல் கட்டமாகிய மெயின் தேர்வை எழுதலாம். ஐஐடி சேர்க்கைக்கான அடுத்த கட்டமாகிய அட்வான்ஸ்டு தேர்வுக்கோ அடுத்தடுத்த 2 ஆண்டுகளில் 2 முறை மட்டுமே அனுமதி உண்டு. மெயின் தேர்வு ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடைபெற்று, இரண்டில் சிறந்த மதிப்பெண்ணே தரவரிசைக்கு எடுத்துக்கொள்ளப்படுவதால், ஜனவரியில் சறுக்கியவர் ஓராண்டு காத்திருக்கத் தேவையில்லை.

புதிய புத்தகங்களைத் தேடி அலைய வேண்டாம். மெயின் தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமை இணையத்தில் வெளியிடும் உங்கள் பதில்களையும் விடைக்குறிப்பையும் அருகருகே வைத்து, தவறிய ஒவ்வொரு வினாவுக்கும் காரணத்தை எழுதுங்கள்: கருத்து புரியவில்லையா, கணக்கில் பிசகினீர்களா, நேரம் போதவில்லையா, ஊகித்தீர்களா? மனம் வலிக்கும் வேலைதான். ஆனால் இதைத் தவிர்ப்பவர்கள், ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த பாடங்களையே மறுபடி படித்து மாதங்களை இழக்கிறார்கள். சுழற்சி இயக்கக் கணக்கில் முறுக்குவிசையின் குறியை மாற்றி எழுதியவருக்கு, பாடத்தை முதலிலிருந்து படிப்பது உதவாது. படம் வரைந்து திசையைக் குறித்த பின்னரே சமன்பாடு எழுதும் பழக்கம்தான் வேண்டும்.

ஊகத்தைத் தனியாகக் கவனியுங்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 குறைப்பு என்பதால், 10 வினாக்களை ஊகித்து 2 மட்டும் சரியானால், கிடைத்த 8 மதிப்பெண்ணும் பறிபோய்விடும்.

பிறகு வாரந்தோறும் 3 மணி நேர மாதிரித் தேர்வு ஒன்றை இடைவெளியின்றி எழுதி, மறுநாள் முழுவதையும் அதன் பிழைகளுக்கே ஒதுக்குங்கள்.