ஸ்டீராய்டு களிம்பு: நானும் செய்த தவறுகள்

பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் ஒரு மருந்தகத்தில் 18 வருடமாக நிற்கிறேன். கண்ணில் படக்கூடாது, வாயில் வைக்கக்கூடாது என்பதெல்லாம் டியூபிலேயே இருக்கிறது. அதை விடுங்கள்.

அரிப்பு நின்றால் நோய் போய்விட்டதா?

போன வாரம் இடுப்பில் அரிப்பு என்று ஓர் அண்ணன் வந்தார். பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பி நேராக பெட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு களிம்பு இருக்கும் தட்டுக்குப் போனான். "சட்டையைத் தூக்கிப் பார்த்தியா?" என்றேன். இல்லையாம். எரிச்சல் வந்தது, அவன்மேல் பாதி, என்மேல் பாதி.

வேலைக்குச் சேர்ந்த வருடம் நானும் பார்க்காமல்தான் என் மாமாவுக்கு அதையே கொடுத்தேன். மூன்றே நாளில் அரிப்பு அடங்கியது. தீபாவளிக்கு முறுக்கு டின்னோடு கடைக்கே வந்து, "என் மருமகள் கைராசி" என்று எல்லாரிடமும் சொன்னார். களிம்பை நிறுத்தியதும் அரிப்பு திரும்பியது. மறுபடி பூசினார். நான்கு மாதத்தில், ஐம்பது காசு அகலம் இருந்தது தொடைவரை இறங்கிவிட்டது. தோல் மருத்துவர் செதிலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் தெரிந்தது: படர்தாமரை.

படர்தாமரை பூஞ்சையால் வருவது. அதை எதிர்த்து உடம்பு போடும் சண்டைதான் சிவப்பும் அரிப்பும். ஸ்டீராய்டு சண்டையை நிறுத்திவிடும், பூஞ்சையைத் தொடாது. காவல்காரனைத் தூங்கவைத்த வீடு மாதிரி. தடித்த ஓரம், தெளிந்த நடு என்ற வட்ட அடையாளமும் கலைந்துபோவதால் மருத்துவரே தடுமாறுவார். டீனியா இன்காக்னிட்டோ என்று இதற்குப் பெயர், மாறுவேடப் படர்தாமரை. மாமாவுக்கு வாரக்கணக்கில் மாத்திரை ஓடியது. தொடை இடுக்கில் தோல் மெலிந்து விழுந்த கோடுகள் இன்றும் இருக்கின்றன. அவை போகாது.

ஊருக்குப் போய்வருபவர்கள் வாங்கிவரும் மூன்று மருந்து கலந்த டியூபிலும் ஸ்டீராய்டு உண்டு. இந்தியாவிலேயே 2018இல் பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டுக்குள் கொண்டுவந்தார்கள்.

அந்த அண்ணனுக்கும் வட்டம்தான். பூஞ்சையைக் கொல்லும் குளோட்ரிமசோல் களிம்பைக் கொடுத்து, தடம் மறைந்த பிறகும் 2 வாரம் பூசச் சொன்னோம்.

முகத்துக்கும் அதே டியூபா?

கூடாது. இமையோரம் மாதக்கணக்கில் பூசினால் கண் அழுத்தமே ஏறலாம்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வெள்ளையாக்கும் கிரீம்

ஒரே வாரத்தில் முகம் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். பாதரசம், தோலை வெளுக்கவைக்கும் ஹைட்ரோகுவினோன், பெட்டாமெத்தசோன் கலந்த அழகு கிரீம்களைச் சுகாதார அமைச்சு பிடித்து, பெயரோடு அறிவித்திருக்கிறது. நிறுத்திய பிறகுதான் வேதனை: எரிச்சல், சிவப்பு, வாயைச் சுற்றிப் பரு.

பயந்து துளியாகப் பூசுவது

இதுவும் தவறுதான். எக்ஸிமா என்ற தோல் அழற்சி உள்ள பிள்ளைக்கு மருத்துவர் எழுதிய ஸ்டீராய்டு களிம்பை அம்மாக்கள் துளியாக ஒற்றிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஆறாமல் மாதக்கணக்கில் இழுக்கிறது. பெரியவர் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து, பெரியவரின் 2 உள்ளங்கை அகலத்துக்கு அது போதும்.

குளோபெட்டசோல்

ஸ்டீராய்டு களிம்புகளில் மிக வலிமையான வகை இது. தொடர்ந்து 2 வாரத்துக்கு மேல் வேண்டாம்.

பேம்பர்ஸுக்கு அடியில்

மருத்துவர் சொல்லாமல் பூசாதீர்கள். மூடிய இடத்தில் மருந்து அதிகம் உள்ளே இறங்கும்.

மிச்ச டியூப்

ஐஸ்பெட்டிக் கதவில் முட்டைக்குப் பக்கத்தில், வாய் காய்ந்து ஒரு டியூப் கிடக்கும். யாருக்கு, எதற்கு வாங்கியது என்று யாருக்கும் நினைவிருக்காது. மாமாவுக்கு நான் கொடுத்ததில் பாதியை அத்தை கணுக்கால் அரிப்புக்குப் பூசிக்கொண்டிருந்தார். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் அவர் புடவையைக் கொஞ்சம் தூக்கி ஏறும்போதுதான் அந்தக் காலைப் பார்த்தேன்.